அம்புக்குறிக் கத்தியா, லொறி வில்லுக் கத்தியா?

எங்கள் வீட்டில் இரண்டு காட்டுக்கத்திகள் உண்டு. ஒன்று அப்பப்பா காலத்தது. அலகில் அகன்ற அம்புக்குறியும் 1944 என்ற ஆண்டும் குத்தியிருக்கும். அந்தக் குறி பிரித்தானிய அரசுடைமைக்கானது. 1957 வரை திருகோணமலையில் அவர்களின் கடற்படைத் தளம் இருந்ததே. கத்தி எப்படி வீட்டுக்கு வந்தது என்று அப்பப்பாவை யாரும் கேட்கவில்லை. மற்றது தம்பலகாமத்துப் பட்டறையில் லொறி வில்லுத் தகட்டில், அதாவது பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டையில் அடித்தது.

பழைய கத்தியைக் கையில் எடுப்பவர்கள் முதலில் சொல்வது, "அந்தக் காலத்து உருக்கு, கல்லு மாதிரி" என்பது. அரத்தை வைத்துப் பார்த்தால் கதை வேறு. உருக்கின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் சி அளவில் நல்ல அரம் 60-க்கு மேல். கத்தி அதே அளவு கடினமென்றால் அரம் வழுக்கும். எங்கள் கத்தியில் அரம் கடித்து இழுக்கிறது. இந்த வகைக் கத்திகளை ஏறத்தாழ 45 முதல் 50 வரைதான் வைப்பார்கள். சமையல் கத்தி 56-க்கு மேலும் போகும். கல்லில் பட்டால் வாய் மடங்கட்டும், தெறிக்கக் கூடாது என்பதுதான் கணக்கு. மடங்கிய வாயைப் பற்றைக்குள் நின்றே அரத்தால் சரிசெய்யலாம். அலகும் மெல்லியது, சுமார் 3 மில்லிமீட்டர். நாயுருவி, ஈச்சம் பற்றைக்கு இதற்கு மிஞ்சியது இல்லை.

வில்லுத் தகட்டில் கரிமம் 0.6 சதவீதம் அளவில் இருக்கும், கூடவே கொஞ்சம் குரோமியம். உறுதியான உருக்குத்தான். ஆனால் கடினமாக்க, குரோமியம் சேர்ந்ததைச் செஞ்சூட்டோடு எண்ணெயில் தோய்க்க வேண்டும், தண்ணீரில் வெடிக்கலாம். தோய்த்த பிறகு திரும்ப இளஞ்சூடு காட்டி நொறுங்கும் குணத்தைக் குறைக்கவும் வேண்டும். என் முதல் வில்லுக் கத்திக்கு அந்த இளஞ்சூடு கிடைக்கவில்லை. முதிரைக் கட்டையில் மூன்றாவது வெட்டிலேயே உளுந்தளவு பல் விழுந்தது. இப்போதிருப்பது வேறு கொல்லர் அடித்தது: வாய் மட்டும் கடினம், முதுகு மெது. பாரம் கூட என்பதால் பாலை விறகுக்கும் தேங்காய்க்கும் இதுதான். பற்றை வெட்டப் போனால் அரைமணியில் தோள் கழன்றுவிடும்.

கடைகளில் மின்னும் துருப்பிடிக்காத கத்தியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நிலாவெளி உப்புக் காற்றுக்கு நல்லது. மலிவானவற்றில் கூர் நிற்பதில்லை.

ஒன்றே ஒன்று வாங்கப் போகிறீர்களென்றால், வில்லுக் கத்திதான். ஆனால் எண்ணெயிலா தண்ணீரிலா தோய்க்கிறார் என்று கொல்லரிடம் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.