வார்டோ தீவில் டிஏபி வானொலி: 2017 முதல் கேட்டுவருபவனின் அனுபவம்

வார்டோவில் டிஏபி என்கிற டிஜிட்டல் வானொலி ஒழுங்காக இழுக்குமா என்று யாராவது கேட்டால், எங்கே வைத்துக் கேட்கப்போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். வீட்டிலா, வேலைத்தலத்திலா, காரிலா, வள்ளத்திலா? இடத்துக்கு இடம் பதில் வேறு. கடைகளில் பெட்டியின் விலையையும் வடிவத்தையும் பற்றித்தான் கதைப்பார்கள், இதை யாரும் சொல்வதில்லை. அதனால்தான் இத்தனை வருடம் கேட்ட பிறகு எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: வார்டோ நோர்வேயின் கிழக்கு நுனியில், பாரன்ட்ஸ் கடலோரம் கிடக்கிற சின்னத் தீவு நகரம். ஏறத்தாழ 2,000 பேர். 1982இல் திறந்த கடலடிச் சுரங்கப்பாதைதான் எங்களைப் பெருநிலத்தோடு இணைக்கிறது. நோர்வேயில் அப்படிப்பட்டவற்றில் அதுவே முதலாவது. எங்கள் மாகாணமான ஃபின்மார்க்கின் கரையோர மீன் தொழிற்சாலைகளுக்கு ஈழத்தமிழர் 1980களிலிருந்து வேலைக்கு வந்தார்கள். பிறகு ஒஸ்லோ, பேர்கன் என்று பலர் இறங்கிப் போய்விட்டார்கள். சிலர் நின்றுவிட்டோம்.

எங்களுக்கு அந்தக் காலத்தில் றேடியோ என்றால் சிற்றலைதான். ஊரில் என்ன நடக்கிறது என்று அறிய பிபிசி தமிழோசையைப் பிடிக்கவேண்டும். வட ஒளி பலமாக ஆடுகிற இரவுகளில் சிற்றலை அப்படியே செத்துப்போகும். சண்டை நடக்கிற நாட்களில் அந்த அமைதி மனிதரைத் தின்றுவிடும். தமிழோசையின் வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30ஆம் தேதி நின்றது. அதே வருடம் டிசம்பர் 13ஆம் தேதி ட்ரொம்ஸிலும் ஃபின்மார்க்கிலும் தேசிய அலைவரிசைகளின் எஃப்எம் நிறுத்தப்பட்டது. நாட்டிலேயே கடைசி ஆட்கள் நாங்கள்தான். அந்த வருடம் ஜனவரி 11ஆம் தேதி நூர்லாண்டில் தொடங்கிய நிறுத்தம், மாகாணம் மாகாணமாக நகர்ந்து, சூரியனே எழும்பாத காலத்தில் எங்களிடம் வந்து சேர்ந்தது.

தேசிய எஃப்எம்மை முற்றாக நிறுத்திய முதல் நாடு நோர்வே. சனங்கள் விரும்பிச் செய்த காரியம் இல்லை இது. 2016 டிசம்பரில் வந்த ஒரு கருத்துக்கணிப்பில் 66 வீதமானோர் எதிர்த்தார்கள். அரசின் கணக்கு வேறு: எஃப்எம்மில் நாடு முழுவதற்கும் 5 அலைவரிசைகளுக்கு மட்டுமே இடம், டிஏபியில் 20க்கு மேல். மலையும், நிலத்துக்குள் நீண்டு கிடக்கிற ஃபியோர்டுக் கடலுமான இந்த நாட்டில் ஒவ்வொரு அலைவரிசைக்கும் தனித்தனி எஃப்எம் வலையமைப்பை நடத்துவது பெருஞ்செலவு. டிஏபியில் ஒரே ஒலிபரப்பியில் பல அலைவரிசைகளைக் கட்டி அனுப்பலாம்.

வீட்டைப் பொறுத்தவரை அரசு சொன்னது சரியாகத்தான் வந்தது. நோர்வேயின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்ஆர்கேயின் அலைவரிசைகள் இங்கே சுத்தமாக இழுக்கின்றன. எங்கள் வீடுகள் மர வீடுகள், சுவர் தடுப்பதில்லை. முன்பு எஃப்எம்மில் புயல் நாட்களில் அன்ரனாவைத் திருப்பித் திருப்பி வைப்போம்; அந்தத் தொல்லை போய்விட்டது. இரவு பகலாகச் செய்தி மட்டும் தருகிற அலைவரிசை முன்பு பெரிய நகரங்களின் சொத்து. இப்போது எங்கள் குசினியிலும் அது இருக்கிறது. வடக்கின் பழங்குடிகளான சாமி மக்களின் மொழியில் வரும் என்ஆர்கே சாப்மிக்கு முழு நேர இடம் கிடைத்ததை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். மற்ற அலைவரிசைகளில் கிடைத்த துண்டு நேரங்களுக்குள் ஒடுங்கியிருந்த மொழி இப்போது தனக்கென்று ஓர் அலைவரிசையில் நாள் முழுக்கக் கதைக்கிறது. சொந்த மொழிச் செய்திக்காகச் சிற்றலையோடு மல்லுக்கட்டிய எங்களுக்கு அதன் பெறுமதி சொல்லாமலே விளங்கும்.

இன்னொரு நன்மையை நான் எதிர்பார்க்கவில்லை. பெட்டியின் சின்னத் திரையில் நிகழ்ச்சியின் பெயரும் கதைக்கிறவரின் பெயரும் எழுத்தில் ஓடும். நொர்வீஜிய மொழியைக் காதால் மட்டும் பழகிய எங்கள் தலைமுறைக்கு அது நல்ல வாத்தியார். பல ஊர்ப் பெயர்களை எப்படி எழுதுவது என்று நான் அதில் பார்த்துத்தான் படித்தேன்.

வயதானவர்களுக்குத்தான் கஷ்டம். பக்கத்துத் தெருவில் இருக்கிற மாமி, மீன் வெட்டி ஓய்வு பெற்றவர், புதுப் பெட்டியை முதன்முதல் போட்டபோது சொன்னது இது: “தம்பி, இந்தப் பெட்டி யோசிச்சு யோசிச்செல்லே கதைக்குது.” அவர் சொன்னது சரி. டிஏபி பெட்டி அலையைப் பிடித்து, பிரித்து, ஒலியாக்குவதற்கு ஓரிரு விநாடி எடுக்கும். இதே காரணத்தால் குசினிப் பெட்டியும் வரவேற்பறைப் பெட்டியும் ஒன்றாகக் கதைப்பதில்லை. றேடியோவில் மணியடிக்கும் ஓசையை வைத்து மணிக்கூட்டைத் திருத்துகிறவர்களும் அதைக் கவனிக்க வேண்டும். மாமிக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை, திருகினால் பாட்டு வருகிற பழைய பெட்டிக்குப் பதில் பட்டியலுக்குள் பட்டியலாகத் திறக்கிற பெட்டி கிடைத்தது. அவருக்கு அலைவரிசையைப் பதிந்து வைக்கும் பொத்தான்கள் வெளியே இருக்கிற ஒன்றை மாற்றி எடுத்துக் கொடுத்து, 1ஆம் பொத்தானில் என்ஆர்கேயின் பி1 அலைவரிசை எங்கள் மாகாணத்துக்குத் தருகிற பி1 ஃபின்மார்க்கையும் 2இல் செய்தியையும் பதிந்து, மேலே தமிழில் ஒட்டிவிட்டோம். அதன்பிறகு ஒரு முறைப்பாடும் இல்லை.

வேலைத்தலம்தான் டிஏபி எங்களை உண்மையாகச் சோதித்த இடம். மீன் வெட்டும் பகுதியில் இயந்திரச் சத்தம் காதைப் பிளக்கும். றேடியோ பொருத்திய காதுக்கவசம் போட்டுக்கொண்டுதான் நாள் முழுக்க நிற்போம். நான் நொர்வீஜியன் படித்ததில் பாதி அந்தக் கவசத்துக்குள்தான். பழைய எஃப்எம் கவசங்களில் தேசிய அலைவரிசைகள் எல்லாம் ஒரே நாளில் போயின. புது டிஏபி கவசங்கள் விலை கூட. பணத்தைக்கூட விடுவோம், ஒலி? தொழிற்சாலை என்றால் தகரச் சுவர், உருக்கு மேசை, குளிரறை. எஃப்எம் அதற்குள் இரைச்சலோடாவது வந்தது. இரைச்சலுக்குள்ளும் மனிதக் குரல் விளங்கும். டிஏபி அப்படி இல்லை. அலை போதுமானால் கண்ணாடி மாதிரித் தெளிவு, கொஞ்சம் குறைந்தால் தண்ணீருக்குள் கொப்பளிக்கிற சத்தம், இன்னும் குறைந்தால் ஒன்றுமே இல்லை. மீன்பெட்டி மாற்றும் மேசையில் செய்தி கேட்கும், நாலு அடி தள்ளிக் குளிரறைப் பக்கம் போனால் நின்றுவிடும். பிறகு கூரையில் அன்ரனா வைத்து ஒரு நல்ல டிஏபி பெட்டியை ஒலிபெருக்கியோடு பொருத்தினார்கள். சாப்பாட்டு அறைக்கு அது போதும், கவசத்துக்குள் அது வராது. இளம் பிள்ளைகள் போனிலிருந்து கேட்கிறார்கள். இதை அனுபவத்தில் பார்த்த பிறகு, தகரக் கட்டடத்துக்குள் வேலை செய்கிற யாருக்கும் நான் கடையில் வைத்துப் பரிசோதித்து வாங்குவதைச் சொல்வதில்லை. வேலைத்தலத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து, சரிவராவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்ற உறுதியோடு வாங்குங்கள்.

கடல் பற்றி எனக்குக் கோபம் இருக்கிறது. கரையோரத்தில் டிஏபி நன்றாகவே இழுக்கும். வெளியே போகப் போக, மேலே சொன்னதுபோல, எச்சரிக்கை இல்லாமல் அறுந்துவிடும். எஃப்எம்மும் தூரக் கடலுக்குப் போகாது, அது உண்மை. ஆனால் தூரக் கடலுக்கென்றே ஃபின்மார்க்கின் இங்கேய் (Ingøy) என்ற தீவில் ஒரு நெட்டலை (லோங் வேவ்) ஒலிபரப்பி இருந்தது: 153 கிலோஹெர்ட்ஸ், 362 மீற்றர் உயரக் கோபுரம். நெட்டலை உப்புக் கடலின் மேல் தவழ்ந்து வெகுதூரம் போகும். பாரன்ட்ஸ் கடலில் நிற்கிற வள்ளத்தில் சாதாரணப் பெட்டியில் காலநிலை அறிக்கை கேட்க அதுதான் வழி. 2019இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். பெரிய கப்பல்களுக்குச் செய்மதி இருக்கிறது. தனியாளாகக் கடலுக்குப் போகிற சின்ன வள்ளக்காரருக்கு அந்தக் குரல் தகவல் மட்டுமில்லை, துணையும்கூட. டிஏபி வந்ததால் நெட்டலை தேவையில்லாமல் போனது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒன்று செய்கிற வேலையை மற்றது செய்யவே முடியாது.

கார் விஷயம் சுருக்கம். பழைய காருக்கு, அதன் றேடியோவோடு சேர்த்து டிஏபி பிடிக்கிற சின்னக் கருவி ஒன்று போட்டேன். முன்கண்ணாடியில் ஒட்டுகிற அன்ரனாவைச் சரியான இடத்தில் ஒட்டாவிட்டால் அது வெறும் அலங்காரம். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து ஒழுங்காகப் பூட்டிய பிறகு தொல்லை இல்லை. மாரியில் எங்கள் ஊருக்கு வரும் ஈ75 வீதி மூடப்படுவதையும், பனிவாரியின் பின்னால் வாகனங்கள் அணியாகப் போகவேண்டும் என்பதையும் வானொலியில் கேட்டே பலர் புறப்படுகிறோம், ஆகவே அது வேலை செய்தேயாக வேண்டும். தனியார் அலைவரிசைகளை நம்பிப் பயணம் போகாதீர்கள். என்ஆர்கேக்கு எஃப்எம் பி1 எட்டிய இடமெல்லாம் எட்டவேண்டும் என்று நிபந்தனை. தனியாருக்கு மக்கள்தொகையில் 90 வீதம் போதும் என்று விட்டார்கள். விடுபட்ட 10 வீதம் எங்களைப் போன்ற வெறும் மண்ணில்தானே கிடக்கும். பின்லாந்து எல்லை தாண்டி இறைச்சி வாங்க நேட்டேமோ போகிறவர்களுக்கும் ஒரு சொல்: அங்கே டிஏபி கிடையாது, எஃப்எம்தான். இரண்டும் பிடிக்கிற பெட்டி வைத்திருங்கள். நோர்வேயிலும் பெரு நகரங்களுக்கு வெளியே உள்ளூர் வானொலிகள் எஃப்எம்மில்தான் ஓடுகின்றன. உள்ளூர் வானொலியில் எண்களைக் கேட்டு வீட்டிலிருந்தே பிங்கோ விளையாடுகிற கிழவர்கள் பழைய பெட்டியை எறியாமல் வைத்திருப்பது அதனால்தான்.

கரண்ட் போகிற இரவுகளுக்கு வருகிறேன். புயலில் மின்சாரமும் கைத்தொலைபேசியும் சேர்ந்து படுத்த நேரங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அரசு 2024 இலையுதிர் காலத்தில் வீடுவீடாக அனுப்பிய கையேடு, ஒரு வாரத்துக்குத் தன்னந்தனியாகச் சமாளிக்கத் தேவையான பொருட்களில் பற்றரியில் ஓடுகிற டிஏபி வானொலியையும் சேர்த்திருக்கிறது. அவசர அறிவிப்புகள் என்ஆர்கே பி1இல் வரும். இதில் ஒரு பொறி இருக்கிறது. டிஏபி பெட்டி பழைய எஃப்எம் பெட்டியைவிடப் பற்றரியை வேகமாகக் குடிக்கும். உள்ளே பொருத்திய மின்கலம் மட்டும் இருக்கிற அழகான பெட்டி இரண்டாம் நாளே படுத்துவிட்டால் அதைத் திரும்ப ஏற்ற வழியில்லை. எங்கள் வீட்டில் சாதாரண டபிள் ஏ பற்றரி போடக்கூடிய சின்னப் பெட்டி ஒன்று, கையால் சுற்றி மின்னேற்றுகிற ஒன்று, இரண்டையும் அலுமாரியில் வைத்திருக்கிறோம். பற்றரியைக் கழற்றி வேறாகவே வைப்பேன், உள்ளேயே விட்டால் கசிந்து பெட்டியைத் தின்னும்.

வேறு மாகாணத்திலிருந்து பெட்டியோடு இங்கே வருகிறவர்கள் ஒன்றைச் செய்யுங்கள். வந்தவுடன் அலைவரிசைத் தேடலை முழுக்கத் திரும்ப ஓடவிட்டு, பி1 ஃபின்மார்க் வருகிறதா என்று பார்த்து, அதை முதல் பொத்தானில் பதியுங்கள். தெற்கிலிருந்து கொண்டுவந்த பெட்டி பழைய பட்டியலையே காட்டிக்கொண்டு ஊமையாக நிற்கும். பழுது என்று நினைத்துப் புதுசு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.