பிள்ளைக்கு பி.பி.: கிளினிக்கா, வீட்டு மெஷினா, 24 மணி நேர மெஷினா?

பள்ளிக்கூட கேம்ப்பிலிருந்து பையன் ஒரு சீட்டு கொண்டுவந்தான். 138/88. வயசு 11. பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டில் அன்று ராத்திரி யாருக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாளே மெடிக்கலில் டிஜிட்டல் மெஷின் விலை கேட்டேன். "சின்னப் பையனுக்கு இன்னாத்துக்குக்கா? பெரியவங்களுக்குத்தான் அதெல்லாம்" என்றார் கடைத் தம்பி. பிள்ளைகளுக்கும் பி.பி. வரும். 3 வயசுக்கு மேல் வருஷத்துக்கு ஒருமுறையாவது பார்க்கச் சொல்கிறார்கள். எப்படிப் பார்ப்பது என்பதில்தான் குழப்பமே.

முதலில் கிளினிக். டாக்டரம்மா மெஷினைத் தொடவில்லை, தையல்காரர் மாதிரி டேப்பை எடுத்தார். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்றளவு 27 செ.மீ. கொழுகொழு பிள்ளை. கையில் சுற்றுகிற பட்டைக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறதே, அதன் அகலம் கைச்சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்கவேண்டும், நீளம் 80 முதல் 100 சதவீதம் வரை சுற்றி வரவேண்டும். சின்னப் பட்டை போட்டால் அளவு ஏறிக் காட்டும். கேம்ப்பில் 'குழந்தைதானே' என்று குழந்தைப் பட்டையைச் சுற்றியிருக்கிறார்கள். என் பிள்ளைக்குப் பெரியவங்க பட்டைதான் சரி!

5 நிமிஷம் சும்மா உட்காரவைத்தார். முதுகு சாய்ந்து, கால் தரையில், வலது கை நெஞ்சு மட்டத்தில். பிறகு ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தால் 124/76. குறைந்துவிட்டது, ஆனால் விட்டுவிடும் அளவும் இல்லை. 13 வயசு முதல் 130/80 என்று ஒரே கோடு. அதற்குக் கீழே வயசு, உயரம், ஆணா பெண்ணா என்று பார்த்து ஓர் அட்டவணை. அதே வயசு, அதே உயரத்தில் 100 பிள்ளைகளை அழுத்தம் குறைந்தவரிலிருந்து கூடியவர் வரை வரிசையில் நிறுத்தினால், 95-வது பிள்ளையின் அளவையோ அதற்கு மேலோ தொட்டால் அது உயர் ரத்த அழுத்தம். அதுவும் ஒரே நாளில் முடிவு கட்டமாட்டார்கள், மூன்று தடவை தனித்தனியாகப் பார்க்கவேண்டும். நம்பகத்தில் இதுதான் அடித்தளம். குறை என்னவென்றால், டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே சில பிள்ளைகளுக்கு எகிறிவிடும்.

அந்தப் பயம் வீட்டு மெஷினில் இல்லை. ஆனால் அதன் பட்டையில் அச்சடித்திருப்பதை யார் படிக்கிறார்கள்? 22 முதல் 32 செ.மீ. வரை என்று இருக்கும். என் நாத்தனார் மகளுக்கு 7 வயசு, குச்சிக் கை, 17 செ.மீ. அவளுக்கு அதைச் சுற்றினால் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். எனக்கு இதுதான் பெரிய பயம். ஏறிக் காட்டினால் ஓடிப்போய் டாக்டரைப் பார்ப்போம், இறங்கிக் காட்டினால் நிம்மதியாகத் தூங்கிவிடுவோம். போதாததற்கு, கடையில் கிடைக்கும் பல மெஷின்கள் பெரியவர்களிடம் மட்டுமே சோதித்துப் பார்த்தவை. ஆகவே நோயா இல்லையா என்று தீர்மானிக்க வீட்டு மெஷின் வேண்டாம்.

மூன்றாவது, 24 மணி நேரம் கையிலேயே கட்டிவிடும் மெஷின். பகலில் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை, ராத்திரி அரை மணிக்கு ஒருமுறை தானே காற்றடித்து அளக்கும். அளக்கும்போது கையை ஆட்டக்கூடாது. தெருவில் பந்து விளையாடும்போது அது உர்ரென்றதும் இவன் கையைத் தொங்கப்போட்டு அப்படியே நிற்பான். "டேய், சிலை!" என்று பசங்க கத்துவார்கள். ராத்திரி "கையில பாம்பு சுத்துதும்மா" என்று இரண்டு தடவை எழுந்துவிட்டான். தொல்லைதான். ஆனாலும் என் ஓட்டு இதற்கே. டாக்டர் கோட்டுப் பயத்தால் ஏறுவதையும் இது காட்டிக்கொடுக்கும், கிளினிக்கில் நல்லபிள்ளையாக இருந்து வெளியே ஏறுவதையும் காட்டிக்கொடுக்கும். தூக்கத்தில் 10 சதவீதமாவது இறங்கவேண்டிய அழுத்தம் இறங்குகிறதா என்று வேறெதிலும் இப்படித் தெரியாது. மாத்திரை எழுதும் முன் இதைக் கேட்டு வாங்குங்கள்.

எங்களுக்குச் சராசரி சரியாகவே வந்தது, மாத்திரை இல்லை. எடையும் உப்பும் குறையவேண்டும். பெரியவர்களுக்கே நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன்தான் கணக்கு. காசிமேட்டுக் கருவாடு, அப்பளம், சாயங்கால அத்தோ (பர்மா நூடுல்ஸ்) மூன்றும் சேர்ந்தால் கணக்கு எங்கே நிற்கும்? மாமியாருக்குக் கருவாடு உயிர், அதனால் அதில் மட்டும் சண்டை ஓயவில்லை.

6 வயசுக்குள் அழுத்தம் ஏறினால் கதை வேறு, சிறுநீரகத்தைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள். காலிலும் அளந்து பார்ப்பார்கள். கையில் அதிகம், காலில் குறைவு என்றால் இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாய் சுருங்கியிருக்கலாம். அளவு ஏறி, கூடவே கடுமையான தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு வந்தால் எந்த மெஷின் என்று யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

கடைசியில் வீட்டு மெஷினும் வாங்கினேன், அவன் அப்பாவுக்கு. அதே பட்டை பையன் கைக்கும் பொருந்துவதால் ஞாயிறு காலை அவனுக்கும் பார்க்கிறேன். அதை ஒருநாள் கிளினிக்குக் கொண்டுபோய் டாக்டரம்மா பார்க்கும் அளவோடு ஒத்துப் பார்த்தோம். பெட்டிமேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்: '6 கூடுதலாகக் காட்டும்.'