ஒயில் கம்பி இல்லாத காரில் ஏழு வருடம்

2018 இல் பாவித்த ஜேர்மன் கார் ஒன்று வாங்கினேன். பொனட்டைத் திறந்ததும் அப்பா தேடியது என்ஜினில் எவ்வளவு ஒயில் இருக்கிறது என்று இழுத்துப் பார்க்கும் ஒயில் கம்பியைத்தான். பழைய சாரத் துண்டும் கையுமாக இரண்டு தரம் குனிந்து பார்த்துவிட்டு, "கம்பியைக் கழற்றி வித்துப்போட்டாங்களோ?" என்றார். கம்பி தொலையவில்லை, செய்யும்போதே வைக்கவில்லை. பி.எம்.டபிள்யூ, அவுடி என்ஜின்கள் பலவற்றில் இப்படித்தான். அளவைத் திரையில்தான் பார்க்க வேண்டும்.

என் காரில் இருப்பது வெப்பத்தை வைத்து அளக்கும் சென்சர். என்ஜினுக்குக் கீழே ஒயில் தேங்கும் சம்பின் அடியில் பூட்டியிருக்கும். அதற்குள் உள்ள சிறிய உறுப்பை மின்சாரம் கொஞ்ச நேரம் சூடாக்கிவிட்டு நின்றுவிடும். அது ஒயிலின் சூட்டுக்கு இறங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதுதான் கணக்கு. ஒயிலுக்குள் நன்றாக மூழ்கியிருந்தால் சட்டென்று ஆறும், பாதி வெளியே நின்றால் மெதுவாக ஆறும். சூடான தேத்தண்ணிக் கோப்பையைத் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்தால் கெதியாக ஆறுமே, அதேதான். வேறு சில கார்களில் மீயொலியை மேலே அனுப்பி, ஒயிலின் மேற்பரப்பில் பட்டு அது திரும்பும் நேரத்தை அளக்கிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், கேட்டவுடன் பதில் வராது. என்ஜின் நன்றாகச் சூடாகி, கார் சமதரையில் நிற்க வேண்டும். எங்கள் வீடு கொழும்பு கொட்டாஞ்சேனையில், சரிவான ஒழுங்கை ஒன்றில். வாசலில் நின்று எத்தனை தரம் அழுத்தியும் அளவு வந்ததில்லை. காலி முகத்திடல் பக்கம் போய்த்தான் பார்ப்பேன்.

2022 இல்தான் உண்மையில் எரிச்சல் வந்தது. எரிபொருள் தட்டுப்பாட்டு நேரம், க்யூ.ஆர். காட்டினால் கிழமைக்கு 20 லீட்டர் பெட்ரோல்தான். வாரக்கணக்கில் நின்ற காரில் ஒயில் இருக்கிறதா என்று பார்க்க, அந்தப் பெட்ரோலையே எரித்து என்ஜினைச் சூடாக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு அண்ணர் தன் பழைய கொரோலாவில் கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த வருடம் சென்சரே செத்தது. மஞ்சள் எச்சரிக்கை, அளவு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள். கராஜ் பாஸ் ஒரே வழிதான் சொன்னார்: இருக்கும் ஒயில் முழுவதையும் இறக்கி, கையேட்டில் உள்ள அளவை அளந்து ஊற்றுவது. எப்படியும் சென்சரைக் கழற்ற ஒயிலை இறக்கத்தான் வேண்டும். புதிய சென்சரோடு அதன் சீலையும் மாற்றச் சொல்லுங்கள், பழையதைப் போட்டால் கசியும்.

அதன்பின் பிரச்சினை இல்லை. ஒரு சேர்விஸில் பையன் கூடுதலாக ஊற்றியதைக்கூடத் திரை காட்டிக்கொடுத்தது. அந்த இடத்திலேயே கொஞ்சம் இறக்கினோம். அளவுக்கு மிஞ்சினால் என்ஜினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அடித்து ஒயில் நுரைத்துவிடும்.

ஆனாலும் நிறத்தையோ மணத்தையோ திரை காட்டாது. அதனால் சேர்விஸுக்கு அப்பாவும் வருவார். இறக்கிய ஒயிலில் விரலைத் தோய்த்து, பெருவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்த பிறகுதான் பாஸைப் புது ஒயில் ஊற்ற விடுவார்.