கீட்டோவா, பொகோட்டாவா?

எக்வடோரின் தலைநகர் கீட்டோ, கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டா. தென் அமெரிக்காவின் இந்த இரண்டு ஆண்டிஸ் மலைத் தலைநகரங்களில் ஒன்றுக்குத்தான் நாள் இருக்கிறது. எதற்குப் போவது?

உயரம்: கீட்டோ சுமார் 2,850 மீட்டர், பொகோட்டா 2,640. இரண்டிலும் முதல் நாள் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

பழைய நகரம்: கீட்டோவுக்குப் போட்டியே இல்லை. 1978இல் யுனெஸ்கோ அறிவித்த முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே அது உண்டு. லா கொம்பானியா தேவாலயத்துக்குள் சுவர், தூண், கூரை எல்லாம் பொன் தகடு. பொகோட்டாவின் பழைய பகுதியான லா கண்டெலாரியாவும் அழகுதான். இருட்டிய பிறகு அங்கே சுற்ற வேண்டாம்.

அருங்காட்சியகம்: பொகோட்டாதான். தங்க அருங்காட்சியகத்தில் கொலம்பியப் பூர்வகுடிகளான முயிஸ்கா மக்களின் சின்னப் பொன் தெப்பம் ஒன்று இருக்கிறது. பொன் பூசிய மன்னனைப் பற்றிய எல் டொராடோ கதைக்கு மூலமான ஏரிச் சடங்கைக் காட்டுவது அது என்பார்கள். கையகல உருவம்தான், ஆனால் நகர மனம் வராது. கொலம்பிய ஓவியர் பொட்டேரோவின் பெயரில் உள்ள அருங்காட்சியகத்துக்குக் கட்டணமே இல்லை.

பணம்: எக்வடோரில் அமெரிக்க டாலர், கொலம்பியாவில் பெசோ.

கட்டடம் பிடித்தவர்களுக்குக் கீட்டோ. ஓவியமும் தொல்பொருளும் என்றால் பொகோட்டா. அப்புறம், நிலநடுக்கோட்டில் கால் வைக்கும் ஆசை இருந்தாலும் கீட்டோவே. ஆனால் அங்குள்ள நிலநடுக்கோட்டு நினைவுச்சின்னத்தின் மஞ்சள் கோடு உண்மையான கோட்டிலிருந்து சுமார் 240 மீட்டர் தள்ளி இருக்கிறது!