பிராடென்டனா, ஃபோர்ட் மயர்ஸா?

பிப்ரவரிக் கடைசியிலிருந்து மார்ச் முடிய, அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கின் அணிகளில் பாதி, அதாவது 15 அணிகள், சீசன் தொடங்குமுன் ஃபிளோரிடாவில்தான் பயிற்சி ஆட்டம் ஆடுகின்றன. மீதி 15 அரிசோனாவில். தோற்றால் யாருக்கும் நஷ்டமில்லாத ஆட்டங்கள். டாம்பாவிலிருந்து காரை எடுத்துக்கொண்டு நான் போய்ப் பார்த்தது இரண்டு மைதானங்கள்: பிராடென்டனில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் லீகாம் பார்க், ஃபோர்ட் மயர்ஸில் பாஸ்டன் ரெட் சாக்ஸின் ஜெட்புளூ பார்க். முதலாவதற்கு மூன்று முறை, இரண்டாவதற்கு ஒரே முறை. தராசு எந்தப் பக்கம் சாயும் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

வசதியில் போட்டியே கிடையாது, ஜெட்புளூதான். 2012இல் வந்த மைதானம். விசாலமான நடைபாதை, கார் நிறுத்தப் பரந்த புல்வெளி. பாஸ்டனில் ரெட் சாக்ஸின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கின் அளவுகளிலேயே கட்டி, அங்கே இடது பக்கம் நிற்கும் பிரம்மாண்டமான பச்சைச் சுவருக்கும் ஒரு நகல் எழுப்பியிருக்கிறார்கள். பயிற்சித் திடல்களும் ஒட்டியே இருப்பதால், காலையிலேயே போனால் பெரிய ஆட்டக்காரர்கள் பழகுவதைப் பார்க்கலாம். பிராடென்டனில் அது நடக்காது. பைரேட்ஸின் பயிற்சி இடமான பைரேட் சிட்டி சில மைல் தள்ளி இருக்கிறது. (ஈட்டி எறிந்துகொண்டிருந்த உத்தரப் பிரதேசத்துப் பையன்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் 2008இல் பைரேட்ஸோடு ஒப்பந்தமாகி, பயிற்சி எடுத்தது அங்கேதான்.)

அப்புறம் ஏன் பிராடென்டன் என்கிறேன்? பேஸ்பால் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்; அதில் ஆறாவதுக்காக.

பயிற்சி ஆட்டத்தில் நட்சத்திரங்கள் இரண்டு மூன்று முறை பேட் பிடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பந்து வீசும் பிட்சர்களும் அப்படித்தான், முதல் வாரங்களில் இரண்டு இன்னிங்ஸ் வீசினாலே அதிகம். அதற்குப் பிறகு களத்தில் நிற்பது சட்டையில் எண்பது, தொண்ணூறு என்று எண் போட்ட, அணியில் இன்னும் இடம் பிடிக்காத பையன்கள். பலர் பெயரை நாம் கேள்விப்பட்டே இருக்க மாட்டோம். ஜெட்புளூவில் அந்த நேரத்தில் என்னைச் சுற்றியிருந்த வரிசைகள் காலியாகிவிட்டன. எனக்கும் கடைசிவரை உட்காரத் தோன்றவில்லை.

லீகாம் பார்க்கில் அந்தப் பையன்கள்தான் ஆட்டமே. 1923இல் தொடங்கிய இடம் அது. மேஜர் லீக் அணிகள் வழக்கமாக ஆடும் மைதானங்களில் அதைவிடப் பழையவை ஃபென்வேயும் (1912) சிகாகோவின் ரிக்லி ஃபீல்டும் (1914) மட்டுமே. 2008 வரை மின்விளக்குகூடக் கிடையாது, பகலாட்டம்தான். 2013இல் விரிவாக்கிய பிறகும் சுமார் 8,500 பேர்தான் உட்காரலாம். பேட் பிடிப்பவருக்குப் பின்னால் உட்காரும் கேட்சரின் கையுறையில் பந்து விழும் சத்தம் காதில் அறையும். ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஃபீல்டிங் நிற்பவன் ஸ்பானிஷில் கத்துவதும், தப்பாக வீசியவன் தனக்குத்தானே திட்டிக்கொள்வதும்கூடக் கேட்கும். வேலைக்காக ஒவ்வொரு பந்தையும் உயிரைக் கொடுத்து ஆடுகிறவர்களை இவ்வளவு பக்கத்தில் பார்த்துவிட்டு எழுந்து போக மனசு வராது. ஃபோர்ட் மயர்ஸில் இருப்பது பழமையின் நகல், இங்கே பழமையே இருக்கிறது.

குறைகள்? நடைவழி குறுகல், தின்பண்டத்துக்கு வரிசை நீளம். கார் நிறுத்த மைதானத்துக்கென்று பெரிய இடம் இல்லாததால், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் புல்தரையில் இடம் விட்டுக் காசு வாங்குகிறார்கள். எனக்கு அது பிடித்தே இருந்தது, திருவிழாவுக்குப் போகிற மாதிரி. டிக்கெட் விஷயத்தில் ரெட் சாக்ஸ் ஆட்டத்துக்கு முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. இரண்டு இடத்திலும் நான் பார்த்தவை பகலாட்டங்களே. இரவில் ஜெட்புளூ வேறு மாதிரி இருக்கலாம்.

ஒன்று மட்டும்: பிராடென்டனில் பேட் பிடிக்கும் இடமான ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், கூரைக்குக் கீழே இடம் வாங்குங்கள். கார் நிறுத்தத் தன் புல்தரையைக் கொடுத்த பெரியவர் முதல் தடவையே இதைச் சொன்னார். டிக்கெட்தான் ஏற்கெனவே வாங்கியாயிற்றே என்று திறந்தவெளியில் போய் உட்கார்ந்தேன். ஒரு வாரம் கழுத்தில் சட்டைக் காலர் படவிடவில்லை.