நேர்கோடா, வட்டமா? வாயேஜரும் விண்வெளி நிலையமும்

1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு சுமார் 17 கி.மீ. வேகத்தில் சூரியனை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. தள்ளிவிட எஞ்சின் எதுவும் ஓடவில்லை. சூரியனின் இழுப்பும் அங்கே மிகச் சொற்பம். அதனால் பாதை ஏறக்குறைய நேர்கோடு. திசைவேகம் என்றால் வேகத்தோடு திசையும் சேர்ந்தது; அது சீராக இருப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

சர்வதேச விண்வெளி நிலையமும் கிட்டத்தட்ட மாறாத வேகத்தில்தான் போகிறது, நொடிக்கு சுமார் 7.66 கி.மீ. ஆனால் பாதை வட்டம். 400 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் தரையில் இருப்பதில் ஏறத்தாழ 90 சதவீதம் அங்கேயும் உண்டு. அந்த இழுப்பு போகும் திசைக்குச் செங்குத்தாக இருப்பதால் வேகம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. திசை மட்டும் திரும்பிக்கொண்டே இருக்கிறது.

அரைச் சுற்றில், அதாவது சுமார் 46 நிமிடத்தில், நிலையம் நேரெதிர்த் திசையில் ஓடும். வேகமானி வைத்திருந்தால் முள் அசைந்தே இருக்காது. திசைவேகமோ நொடிக்கு 15 கி.மீ.க்கு மேல் மாறியிருக்கும்! தேர்வில் மார்க் போவது இங்கேதான்: ‘வேகம் மாறவில்லை, எனவே முடுக்கம் பூஜ்யம்’ என்று எழுதிவிடுவார்கள். முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம்; திசை மட்டும் மாறினாலும் அது உண்டு. பூமியின் மையத்தை நோக்கி ஒவ்வொரு நொடிக்கும் நொடிக்கு சுமார் 8.7 மீட்டர் என்ற கணக்கில் முடுக்கம் இருக்கிறது.