ஒரே ஊரில் தங்கி நடப்பதா, ஊர்விட்டு ஊர் நடப்பதா?

நாலு பேர் சேர்ந்து நடைப்பயணம் போகலாம் என்று பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி "எங்கே போகலாம்?" என்பதுதான். ஆல்ப்ஸா, ஸ்காட்லாந்தா, நியூசிலாந்தா என்று படம் பார்ப்பதிலேயே வாரக்கணக்கில் ஓடிவிடும். ஆனால் குழுப் பயணம் நல்லபடியாக முடிவதும், நடுவழியில் முகம் சுளித்துக்கொள்வதும் பெரும்பாலும் இடத்தைப் பொறுத்து இருப்பதில்லை. அதற்கு முன் எடுக்கவேண்டிய முடிவு ஒன்று இருக்கிறது. ஒரே ஊரில் அறை எடுத்து, தினமும் ஒரு திசையில் நடந்துவிட்டு மாலையில் அதே கட்டிலுக்குத் திரும்புவதா? இல்லை, இன்று இந்த ஊர், நாளை அடுத்த ஊர் என்று நகர்ந்துகொண்டே போவதா? தனியாக நடப்பவருக்கு எந்த முறையும் ஒத்துவரும், முடியாவிட்டால் அவரே நிறுத்திக்கொள்ளலாம். கூட்டமாகப் போகும்போது அப்படி முடியாது.

இரண்டு முறைக்கும் நூறாண்டு தாண்டிய வரலாறு உண்டு. 1891-இல் இங்கிலாந்தின் கோல்ன் என்ற ஆலை நகரத்தில் பாதிரியாராக இருந்த டி. ஆர்தர் லெனர்ட், தன் சபையைச் சேர்ந்த ஒரு குழுவை ஏரி மாவட்டத்தில் உள்ள ஆம்பிள்சைடுக்கு நடக்க அழைத்துப் போனார். ஆலைத் தொழிலாளிக்குக் கிடைக்கிற சொற்ப விடுமுறையும் கடற்கரை நகரங்களின் கேளிக்கையில் கரைந்துபோகிறதே என்ற வருத்தம் அவருக்கு. அந்த முயற்சி 1893-இல் கூட்டுறவு விடுமுறைச் சங்கமாக வளர்ந்தது; 1913-இல் ஹாலிடே ஃபெல்லோஷிப் என்ற அமைப்பும் அவர் தொடங்கியதே. ஓரிடத்தில் தங்கி நாளுக்கொரு நடை என்கிற குழு விடுமுறை இன்றும் ஏறக்குறைய அதே வடிவில்தான் நடக்கிறது. மறுபக்கம் ஜெர்மனியில், 1909-இல் மாணவர்களோடு நடந்துபோன ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மான் புயல்மழையில் மாட்டி, ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தார். ஒருநாள் நடை தூரத்துக்கு ஒரு விடுதி இருந்தால் இளைஞர்கள் ஊர் ஊராக நடக்கலாமே என்று அப்போது அவருக்குத் தோன்றியது. 1912-இல் ஆல்டெனா கோட்டையில் இளைஞர் விடுதி திறக்கப்பட்டது இப்படித்தான்.

ஒரே ஊர்: கூட்டம் பிரியலாம், மறுபடி சேரலாம்

இந்த முறையின் பெரிய பலம், எல்லோரும் ஒரே நடை நடக்கவேண்டிய கட்டாயம் இல்லை என்பது. ஸ்விட்சர்லாந்தின் கிரிண்டெல்வால்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து 2,061 மீட்டர் உயரத்தில் உள்ள கிளைன ஷைடெக் கணவாய்க்குக் காலால் ஏறுவது திடமான ஒரு நாள் வேலை. அதே இடத்துக்கு ரயிலும் போகிறது. பக்கத்து மேன்லிகென் உச்சிக்கு ரோப்காரில் போய்விட்டால், அங்கிருந்து கிளைன ஷைடெக் வரை ஏறக்குறைய சமதளமாக, ஒன்றரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். ஐகர் மலை கண்ணெதிரே நிற்கும். ஆக, வலுவானவர்கள் ஏறி வரட்டும், முட்டி வலிக்காரர் ரோப்கார் பிடிக்கட்டும், களைத்தவர் ரயிலில் வரட்டும். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். யாரும் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததாக நினைக்கவேண்டியதில்லை.

இங்கிலாந்தின் கெசிக் ஊரும் இப்படித்தான். ஒருபக்கம் 931 மீட்டர் ஸ்கிட்டா, இன்னொரு பக்கம் 451 மீட்டர்தான் என்றாலும் காட்சிக்குக் குறைவில்லாத கேட்பெல்ஸ், நடுவில் டெர்வென்ட்வாட்டர் ஏரி. ஏரியைச் சுற்றி நடக்கிறவருக்குப் பாதியில் கால் வலித்தால் படகுத்துறையில் உட்கார்ந்து அடுத்த படகில் ஊர் திரும்பலாம். மேகம் கவிந்து மலை மறைந்தால் மலையை நாளைக்குத் தள்ளிவிட்டு இன்று ஏரிக்கரை. சீட்டுக்கட்டைக் கலைத்து மறுபடி அடுக்குவதுபோல் நாட்களை மாற்றிக்கொள்ளலாம்.

சுமையும் குறைவு. பெரிய பெட்டி அறையில் கிடக்கும். முதுகில் தண்ணீர், சாப்பாடு, ரெயின்கோட், கூடுதலாக ஒரு கம்பளிச் சட்டை, அவ்வளவே. ஈரமான பூட்ஸை இரவு முழுக்கக் காயவைக்கலாம். காயாவிட்டால் மறுநாள் வேறு செருப்பில் ஊரைச் சுற்றலாம்.

குறை இல்லாமல் இல்லை. ஊரைவிட்டு வெளியேறும் முதல் ஒரு கிலோமீட்டர் மூன்றாம் நாளே அலுத்துவிடும். நல்ல பாதையின் தொடக்கத்துக்குப் போகப் பேருந்துக்குக் காத்திருக்கவேண்டி வரும், மாலையில் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடவேண்டி வரும். அதைவிட முக்கியமாக, நடந்த தூரம் எங்கும் சேர்வதில்லை. ஆறு நாள் நடந்தபின்னும் புறப்பட்ட இடத்திலேயே இருக்கிறோம். சிலருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. சிலரை அது உள்ளுக்குள் அரிக்கும்.

ஊர்விட்டு ஊர்: நிலம் மாறுவதைக் காலால் அறிவது

அப்படி அரிக்கிறவர்களுக்காகவே இருக்கிறது இரண்டாவது வழி. ஸ்காட்லாந்தின் வெஸ்ட் ஹைலண்ட் வே 154 கிலோமீட்டர், 1980-இல் திறந்தார்கள். கிளாஸ்கோவை ஒட்டிய மில்கையில் தாழ்நிலமாகத் தொடங்கி, லோமண்ட் ஏரிக்கரையோரம் நீண்டு, ரனாக் மூர் என்ற வெட்டவெளியைக் கடந்து, பென் நெவிஸ் மலையடியில் ஃபோர்ட் வில்லியத்தில் முடிகிறது. புல்வெளி எப்போது முரட்டு மலையானது என்று ஒரு புள்ளியைக் காட்டவே முடியாது. அந்த மாற்றம் நடந்தால் மட்டுமே கிடைக்கும். மோன் பிளாங்க் சுற்றுப் பாதை இன்னும் ஒருபடி மேல்: சுமார் 170 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் பத்தாயிரம் மீட்டர் அளவில், பிரான்ஸ், இத்தாலி, ஸ்விட்சர்லாந்து என மூன்று நாடுகள். ஒரே மலையைச் சுற்றி வந்து, கிளம்பிய இடத்திலேயே போய் நிற்கும்போது கிடைக்கும் நிறைவை எந்த ஒருநாள் நடையும் தராது. இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் விலை உண்டு. அந்த விலை காலில்தான் தெரியும். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: மணிக்கு 5 கிலோமீட்டர், அப்புறம் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 18 கிலோமீட்டரும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள நாளுக்கு இந்தக் கணக்குப்படி ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். இது நிற்காமல் நடக்கிற, உடல்தகுதியுள்ள ஒருவரின் கணக்கு. எட்டுப் பேர் கூட்டத்தில் ஒருவர் படம் எடுப்பார், ஒருவர் ஷூ கயிறு கட்டுவார், ஒருவர் புதர் தேடிப் போவார். பாதிக்குப் பாதி கூட்டிக்கொள்வதுதான் என் வழக்கம். ஏழரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. ஒரே ஊரில் தங்கியிருந்தால் இந்த நாளைப் பாதியில் வெட்டலாம். ஊர்விட்டு ஊர் போகையில் முடியாது. இன்றைய படுக்கை அந்தப் பக்கம் இருக்கிறது.

கொப்புளம் ஒன்று போதும், வித்தியாசம் புரிந்துவிடும். குதிகாலில் சின்னதாக ஒரு சூடு, உராய்கிற உணர்வு. அங்கேயே நின்று, ஷூவைக் கழற்றி, தோலைத் துடைத்துக் காயவைத்து டேப் ஒட்டினால் பத்து நிமிட வேலை. கூட்டத்தை நிறுத்தச் சங்கடப்பட்டு "அடுத்த இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று போனால் மாலைக்குள் நீர் கோத்துவிடும். ஒரே ஊரில் என்றால் மறுநாள் திறந்த செருப்போடு ஓய்வு. ஊர்விட்டு ஊர் என்றால் மறுநாள் இன்னொரு 20 கிலோமீட்டர் அந்தக் குதிகாலோடு. வலியைத் தவிர்க்கப் பாதத்தைச் சாய்த்து வைப்பார், இரண்டாம் நாள் முட்டி பிடித்துக்கொள்ளும். ஒரு கொப்புளத்தோடு முடிந்திருக்கவேண்டியது முழுக் குழுவின் பிரச்சினையாகிவிடும்.

கடைசியாக வருகிறவரின் நிலையையும் கவனித்துப் பாருங்கள். முன்னால் போகிறவர்கள் ஒரு திருப்பத்தில் நின்று காத்திருப்பார்கள், நல்லெண்ணத்தோடுதான். பத்து நிமிடம் இளைப்பாறியிருப்பார்கள். கடைசி ஆள் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், "சரி, கிளம்பலாமா?" என்று எழுந்துவிடுவார்கள். அதிகம் களைத்தவருக்கு நாள் முழுக்க ஓய்வே கிடைக்காது. ஒரு பகல் என்றால் தாங்கிக்கொள்வார். பத்து நாள் தொடர்ந்தால் அவர் பேசுவதையே நிறுத்திவிடுவார். கடைசி ஆள் வந்தபின்தான் ஓய்வு நேரத்தை எண்ணத் தொடங்குவது என்று முதல் நாளே பேசிவைத்துக்கொண்டால் இதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

சுமைக்கு மட்டும் இப்போது வழி இருக்கிறது. வெஸ்ட் ஹைலண்ட் வேயிலும் ஸ்பெயினின் சாந்தியாகோ பாதையிலும் பெட்டியை அடுத்த தங்குமிடத்துக்குக் கொண்டு சேர்க்கும் சேவைகள் உண்டு. சாலை எட்டாத ஆல்ப்ஸ் மலைக்குடில்களில் தங்கினால் எல்லாம் முதுகில்தான், தூக்கமும் பொதுக்கூடத்தில்தான்.

முன்பதிவில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஒரே ஊர் என்றால் ஒரே பதிவு. ஊர்விட்டு ஊர் என்றால் ஒவ்வோர் இரவும் எட்டுப் படுக்கை, அதுவும் வரிசை குலையாமல். மோன் பிளாங்க் பாதையின் பருவம் ஏறத்தாழ ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரைதான். நடுவில் ஓர் இரவு கிடைக்காவிட்டால் முன்னும் பின்னும் எல்லாவற்றையும் மாற்றவேண்டும். நியூசிலாந்தின் மில்ஃபோர்ட் பாதை இதில் உச்சம். 53.5 கிலோமீட்டர், பருவத்தில் ஒரே திசை, நான்கு பகல், மூன்று இரவு, தாங்களாக நடப்பவர்கள் நாளுக்கு 40 பேர் மட்டுமே. மழை கொட்டுகிறது, இன்னோர் இரவு தங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல முடியாது. ஆண்டுக்கு ஆறு மீட்டருக்கு மேல் மழை பெய்யும் பகுதி அது.

வழிகாட்டி வேண்டுமா?

அதே மில்ஃபோர்ட் பாதையில் இரண்டு வகைக் குழுக்கள் அடுத்தடுத்து நடக்கின்றன. தாங்களாக வருபவர்கள் உணவும் தூக்கப்பையும் சுமந்து, அடுக்குப் படுக்கைக் குடில்களில் தாங்களே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். வழிகாட்டியோடு வருபவர்களுக்குத் தனி விடுதிகள், சுடச்சுடச் சாப்பாடு, வெந்நீர்க் குளியல். கடப்பது அதே மெக்கின்னன் கணவாயைத்தான்.

பெருவின் இன்கா பாதையில் இந்தத் தேர்வே கிடையாது. உரிமம் பெற்ற நிறுவனத்தோடுதான் போகமுடியும். சுமைதூக்குவோரும் வழிகாட்டிகளும் உட்பட நாளுக்கு 500 பேர், பிப்ரவரியில் பாதை மூடல்.

தேர்வு இருக்கிற இடங்களில் என் கருத்து இது: பாதை காட்டுவதற்காக மட்டும் வழிகாட்டி தேவையில்லை. சாந்தியாகோ பாதையில் மஞ்சள் அம்புக்குறிகள் வழிநெடுக இருக்கின்றன. வழிகாட்டியின் அருமை வேறோர் இடத்தில் தெரியும். மதியம் இரண்டு மணி, கணவாய்க்கு இன்னும் 300 மீட்டர் ஏற்றம், மேகம் இறங்குகிறது. திரும்பிவிடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். நண்பர்கள் கூட்டத்தில் அதை முதலில் சொல்ல ஒருவரும் வாயெடுக்கமாட்டார்கள். வழிகாட்டி சொன்னால் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது. பனி இன்னும் உருகாத பருவத் தொடக்கத்தில் உயரமான கணவாய்களுக்குப் போகிறீர்கள் என்றால் வழிகாட்டியை வைத்துக்கொள்வதுதான் சரி. குறியிட்ட தாழ்நிலப் பாதைக்கு, அறைகளையும் பெட்டிப் போக்குவரத்தையும் ஏற்பாடு செய்துதந்து நடையை நம்மிடமே விட்டுவிடும் நிறுவனங்கள் போதும்.

நடுவே ஒரு வழி

இரண்டிலும் உள்ள நல்லதைச் சேர்க்கும் முறையும் உண்டு, பலர் இதை யோசிப்பதில்லை. ரயில் ஓடும் பள்ளத்தாக்கு அல்லது கடற்கரையில் ஓர் ஊரில் தங்குங்கள். இன்று இங்கிருந்து அடுத்த ஊர்வரை நடந்து, ரயிலில் திரும்புங்கள். நாளை ரயிலில் அந்த ஊருக்குப் போய், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். தூரமும் சேரும், கட்டிலும் மாறாது. இத்தாலியின் சின்க்வே தெர்ரே இதற்கென்றே அமைந்தது: கடலோரம் ஐந்து ஊர்கள், ஐந்துக்கும் ரயில் நிலையம், இடையில் மலையோரப் பாதைகள். மண்சரிவால் பாதை மூடப்படுவது அங்கே சகஜம். ரியோமஜோரேக்கும் மனரோலாவுக்கும் இடையிலான காதல் பாதை 2012-இல் பாறை விழுந்து மூடப்பட்டு, 2024-இல்தான் மீண்டும் திறந்தது. ஒரு துண்டு மூடியிருந்தாலும் ரயிலில் தாண்டிப் போய் அடுத்த துண்டை நடக்கலாம், திட்டம் கெடாது.

என்னைக் கேட்டால், முதல்முறை ஒன்றாகப் போகிற குழு, வயதும் வேகமும் கலந்த குழு, எட்டுப் பேருக்கு மேற்பட்ட குழு எதுவானாலும் ஒரே ஊரில் தங்குங்கள், ரயில் வசதி இருந்தால் நடுவழி முறை. வேகம் ஒத்துப்போகிற நான்கைந்து பேர், முன்பு சேர்ந்து நடந்த பழக்கம் உள்ளவர்கள் என்றால் தயங்காமல் ஊர்விட்டு ஊர் போங்கள். அதில் கிடைப்பது வேறெதிலும் கிடைக்காது. எந்தப் பக்கம் என்று பிடிபடாவிட்டால், பதிவு செய்வதற்கு முன் ஒரு வார இறுதியில் எல்லோரும் அடுத்தடுத்து இரண்டு நாள் நடந்து பாருங்கள், அன்று சுமக்கப்போகிற பையோடு, அன்று போடப்போகிற ஷூவோடு. முதல் நாளை எல்லோரும் நடந்துவிடுவார்கள். இரண்டாம் நாள் காலை யார் எப்படிப் படியிறங்கி வருகிறார்கள் என்று பாருங்கள். அதைவைத்து முடிவு செய்யுங்கள்.